கொழுப்பை அளக்கும் கருவி உண்மையில் எதை அளக்கிறது?



கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு நடை நடந்தால் போதும், பலவகை அளவுக் கருவிகளைப் பார்த்துவிடலாம். துணிக்கடையில் தையல்காரரின் கழுத்தில் அளவு நாடா தொங்கும். நகைக்கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தங்கம் நிறுக்கும் தராசு இருக்கும். மருந்தகத்துக்குள் போனால், ஏறி நின்றவுடன் எடையோடு சேர்த்து 'உடல் கொழுப்பு 24.6 விழுக்காடு' என்றும் காட்டும் மின்னியல் தராசு விற்பனைக்கு இருக்கும்.

மூன்றும் எண்ணைத் தருகின்றன. மூன்று எண்களையும் ஒரே அளவுக்கு நம்பலாமா?

நாடா நீளத்தை நேரடியாக அளக்கிறது. தங்கத் தராசு தங்கத்தை நேரடியாக நிறுக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசைச் சோதித்து முத்திரையிட வேண்டும் என்று நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மூன்றாவது கருவியின் கதை வேறு. அது கொழுப்பை அளப்பதே இல்லை. வேறொன்றை அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது.

இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இவ்விகிதம் மிக அதிகம். நீரிழிவு நோயும் அப்படித்தான். ஆகவே, நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த எண்ணை நம்புகிறார்கள், எந்த எண்ணைப் பார்த்து 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று நிம்மதி அடைகிறார்கள் என்பது முக்கியம்.

துல்லியம் வேறு, நிலைத்தன்மை வேறு

படிவம் 1 அறிவியலில் கெஜித்துவான், கெபெர்சீசான் என்ற இரண்டு சொற்களைப் படித்திருப்பீர்கள். முதலாவது துல்லியம். அதாவது, கிடைத்த அளவு உண்மையான அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. இரண்டாவது நிலைத்தன்மை. மீண்டும் மீண்டும் அளந்தால் ஒரே மாதிரியான அளவு கிடைக்கிறதா என்பது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் உண்மையான கொழுப்பு 28 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தராசில் அவர் மூன்று முறை ஏறுகிறார். 23.1, 23.2, 23.1 என்று காட்டுகிறது. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, நிலைத்தன்மை நன்று. ஆனால் மூன்றுமே உண்மையிலிருந்து 5 புள்ளி விலகி நிற்கின்றன, துல்லியம் இல்லை. 'மூன்று தடவையும் ஒரே மாதிரி காட்டியது, கருவி சரியாகத்தான் இருக்கிறது' என்று பலர் சொல்வார்கள். அது நிலைத்தன்மைக்குச் சான்று. துல்லியத்துக்குச் சான்று அன்று.

சரி, அந்த உண்மையான அளவை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நேரடியாக அளக்க ஒரே வழி

மனித உடலின் கொழுப்பை நேரடியாக எடுத்து நிறுக்க வேண்டுமானால், இறந்தவரின் உடலை அறுத்துப் பிரித்துத்தான் செய்ய முடியும். பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். தானமாகக் கிடைத்த 25 உடல்களில் தோல், கொழுப்புத் திசு, தசை, எலும்பு, உள்ளுறுப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து எடை பார்த்தனர். முடிவுகள் 1984இல் வெளியாயின. கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்பது அதில் தெரிந்த முக்கியமான செய்தி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் கருவியைப் புரிந்துகொள்ள இது தேவை.

உயிரோடு இருப்பவரை இப்படி அளக்க முடியாது. ஆகவே உலகில் உள்ள எல்லாக் கருவிகளும் சுற்றுவழியில்தான் போகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நீருக்கடியில் நிறுத்தல்

ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் இதன் அடிப்படை. முதலில் ஒருவரைத் தரையில் நிறுக்கிறார்கள். பிறகு மூச்சை முழுவதும் வெளியே விடச் சொல்லி, நீருக்குள் முழுக வைத்து நிறுக்கிறார்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அதிலிருந்து உடலின் கன அளவும், கன அளவிலிருந்து அடர்த்தியும் கிடைக்கும்.

கொழுப்பின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ. மற்றத் திசுக்களின் சராசரி அடர்த்தி 1.1 கிலோ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டு எண்களிலிருந்து சிரி என்ற அறிவியலாளர் ஒரு சூத்திரம் தந்தார்:

கொழுப்பு விழுக்காடு = (495 ÷ அடர்த்தி) − 450

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு 21.4 விழுக்காடு. அடர்த்தி 1.04 என்றால் 26.0 விழுக்காடு. அடர்த்தியில் 0.01 மட்டுமே மாறியது, விடையோ 4.6 புள்ளி தாவிவிட்டது!

60 கிலோ எடையுள்ளவருக்கு இந்த 0.01 வேறுபாடு கன அளவில் எவ்வளவு? ஏறக்குறைய அரை லிட்டர்தான். மூச்சை முழுவதும் வெளியே விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் 1 லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் விடை வெகுதூரம் விலகிப் போகும். சரியாகக் கழித்தாலும், 1.1 என்ற எண் எல்லாருக்கும் பொருந்தும் என்ற அனுமானம் மிச்சம் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதைத்தானே பிரசல்ஸ் ஆய்வு காட்டியது?

நீருக்குப் பதில் காற்றைப் பயன்படுத்தும் கருவியும் உண்டு. முட்டை வடிவக் கூண்டுக்குள் உட்கார வைத்து, பாயில் விதியின் துணையோடு உடலின் கன அளவைக் காண்பார்கள். முழுகத் தேவையில்லை என்பதால் வசதி அதிகம். ஆனால் கணக்கிடும் சூத்திரம் அதே வகைதான், அனுமானமும் அதேதான்.

2. டெக்ஸா

இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை உடல் வழியே செலுத்தும் கருவி இது. எலும்பும் தசையும் கொழுப்பும் அந்த இரண்டு கதிர்களையும் வெவ்வேறு அளவில் தடுக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. முதலில் எலும்புத் தேய்வைக் கண்டறியத்தான் இது வந்தது. கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு.

கை, கால், நடுவுடல் என்று பகுதி பகுதியாகக் கொழுப்பைக் காட்டும் என்பது இதன் பெரும்பலம். ஒரே கருவியில் மீண்டும் அளந்தால் விடைகள் நன்றாக ஒத்துப்போகும். குறை என்ன? வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண்ணைத் தரக்கூடும். மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும்தான் இதைக் காணலாம், செலவும் அதிகம்.

3. மின்தடை முறைத் தராசு

வீட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் நாம் பார்ப்பது இதைத்தான். உலோகத் தகடுகளின் மேல் வெறுங்காலோடு நின்றால், ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். நமக்கு எதுவும் உறைக்காது. தசையில் நீரும் உப்பும் அதிகம். மின்சாரம் எளிதாகப் பாயும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். கருவி அளப்பது இந்தத் தடையை மட்டுமே.

அதன் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. தடையிலிருந்து உடலில் உள்ள நீரின் அளவை மதிப்பிடுகிறது. கொழுப்பில்லாத திசுவில் ஏறக்குறைய 73 விழுக்காடு நீர் என்று வைத்துக்கொண்டு அத்திசுவின் எடையைக் காண்கிறது. மொத்த எடையிலிருந்து அதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு என்கிறது. இந்தச் சங்கிலியில் எங்கெங்கே பிழை நுழையும் என்று பாருங்கள்.

முதலாவது, நீர். உங்கள் எடை 50 கிலோ, கொழுப்பு 10 கிலோ, அதாவது 20 விழுக்காடு என்று கொள்வோம். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே தராசில் ஏறுகிறீர்கள். எடை 50.5 கிலோவாகிறது. வயிற்றில் கிடக்கும் அந்தத் தண்ணீர் கால்களின் மின்தடையை இன்னும் மாற்றவில்லை. ஆகவே கூடிய அரை கிலோவையும் கொழுப்புக் கணக்கில் சேர்த்து, ஏறக்குறைய 20.8 விழுக்காடு என்று கருவி காட்டும். தண்ணீர் கொழுப்பாகிவிட்டது! ஓடியாடி வியர்த்து, உடலில் நீர் வற்றிய நிலையில் ஏறினாலும் எண் மாறும்.

இரண்டாவது, பாதை. மின்னோட்டம் பெரும்பாலும் கால்களையும் அடிவயிற்றையும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. மேல்வயிற்றையும் மார்பையும் கருவி ஊகம்தான் செய்கிறது. நம் மக்களுக்குக் கொழுப்பு அதிகம் சேரும் இடமோ வயிறு.

மூன்றாவது, சூத்திரம். வயது, பால், உயரம் ஆகியவற்றை ஏன் கேட்கிறது? யாரோ ஒரு மக்கள் கூட்டத்தை அளந்து உருவாக்கிய சூத்திரத்தில் அவற்றைப் போட வேண்டியிருப்பதால்தான். வீட்டில் இத்தராசு இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வயதை மட்டும் 15 என்பதிலிருந்து 45 என்று மாற்றி உடனே மீண்டும் ஏறுங்கள். பெரும்பாலான கருவிகளில் எண் மாறும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் உடலில் கொழுப்பு கூடிவிட்டதா என்ன?

முக்கியக் குறிப்பு: இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இத்தராசில் ஏறக்கூடாது. தாத்தா, பாட்டிக்குச் சொல்லி வையுங்கள்.

4. தோல் மடிப்பு இடுக்கி

கையின் பின்புறத்தில் தோலைக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். கைக்குள் வருவது தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும். அதன் தடிப்பை இடுக்கி மில்லிமீட்டரில் அளக்கிறது. மேற்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் கீழ், இடுப்பெலும்பின் மேல் ஆகிய நான்கு இடங்களில் அளந்து கூட்டும் முறை புகழ்பெற்றது. டர்னின், வொமர்ஸ்லி என்ற இருவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து 1974இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இதில் கருவியைவிடக் கைதான் முக்கியம். ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால், கிள்ளும் இடம் ஒரு செண்டிமீட்டர் தள்ளிப் போனாலே எண் மாறிவிடும். பயிற்சி பெற்ற ஒருவரே எப்போதும் அளந்தால் நிலைத்தன்மை நன்றாக இருக்கும். ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டுமே இடுக்கி பிடிக்கும். வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேர்ந்திருக்கும் கொழுப்பு இதன் கைக்கு எட்டாது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் அந்த உட்கொழுப்புதான் அதிகத் தொடர்புடையது.

5. உடல் எடைக் குறியீடு

செகாக் உடல்தகுதிச் சோதனையின்போது பள்ளியில் கணக்கிடும் பிஎம்ஐ உங்களுக்குப் பழக்கமானதுதான். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 57 கிலோ எடையும் 1.60 மீட்டர் உயரமும் இருந்தால், 57 ÷ 2.56 = 22.3. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கெட்டலே சொன்ன விகிதம் இது. 1972இல் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

எடையையும் உயரத்தையும் மிகத் துல்லியமாக அளக்கலாம். ஆகவே நிலைத்தன்மையில் பிஎம்ஐக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் அந்த எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அதற்குத் தெரியாது.

இதற்கு மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் நீரிழிவு ஆய்வாளர்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான்: 22.3. இருவரும் டெக்ஸா கருவியில் அளந்து பார்த்தார்கள். யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு. யாஜ்னிக்கின் உடல் கொழுப்பு 21.2 விழுக்காடு! 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இருவரும் தங்கள் படத்தோடு இதை வெளியிட்டார்கள். 57 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இவ்விழுக்காடுகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு கணக்கில் 5.2 கிலோ கொழுப்பு. மறு கணக்கில் 12.1 கிலோ. பிஎம்ஐ மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று.

இரண்டு பேரை வைத்து ஓர் இனத்தைப் பற்றி முடிவுக்கு வர முடியாது. ஆனால் பல ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன: ஒரே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுப் பகுதியில் அதிகம். அதனால்தான் உலக அளவில் பெரியவர்களுக்கு 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்று சொல்லப்பட்டாலும், மலேசிய மருத்துவ வழிகாட்டி 23, 27.5 என்ற எல்லைகளைப் பயன்படுத்துகிறது. 24 என்ற பிஎம்ஐ உள்ள உங்கள் மாமா உலக அட்டவணையைப் பார்த்தால் 'எனக்குச் சரியான எடை' என்பார். நம் நாட்டு அட்டவணை அவரை எச்சரிக்கும்.

6. அளவு நாடா

தையல்காரரின் நாடாவுக்கு வருவோம். அது கொழுப்பைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. வயிற்றின் சுற்றளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆபத்தான கொழுப்பு சேரும் இடத்தை அது நேராகச் சுற்றி வளைக்கிறது. ஆசியர்களுக்கு, ஆண்களில் 90 செண்டிமீட்டரும் பெண்களில் 80 செண்டிமீட்டரும் எட்டினால் கவனம் தேவை என்பது மருத்துவ அளவுகோல்.

தையலுக்கு எடுக்கும் அளவு இதற்கு உதவாது. அவர் துணியின் மேல், கொஞ்சம் தளர்வு விட்டு அளப்பார். மருத்துவ அளவு வெறும் தோலின் மேல் எடுக்க வேண்டியது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வையுங்கள். நாடா தரைக்கு இணையாக, இறுக்காமல் இருக்கட்டும். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது. இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் அளவைப் படியுங்கள்.

எந்தக் கருவியை நம்புவது?

நேரடி அளவு எதுவும் இல்லாததால், 'எது சரியான கருவி' என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

• ஓர் ஆளின் கொழுப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று ஆய்வுக்குத் தெரிய வேண்டுமா? டெக்ஸா.

• ஆயிரக்கணக்கானவர்களை விரைவாக அளக்க வேண்டுமா? பிஎம்ஐ போதும். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். தனி ஆளைப் பற்றி உறுதியாகச் சொல்லாது.

• வீட்டில் பெரியவர்களின் நீரிழிவு, இதய நோய் ஆபத்தைக் கவனிக்க வேண்டுமா? பிஎம்ஐயோடு சில ரிங்கிட் விலையுள்ள நாடாவும் சேரட்டும்.

• மாதாமாதம் மாற்றத்தைப் பார்க்க வேண்டுமா? மின்தடைத் தராசும் உதவும். ஒரே தராசு, காலையில் ஒரே நேரம், சாப்பிடுவதற்கு முன், கழிவறைக்குப் போய்வந்த பின் அளந்தால் எண் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். எண்ணை நம்பாதீர்கள், திசையைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தராசு 24.6 என்று புள்ளிக்குப் பின் ஓர் எண்ணையும் காட்டுகிறது. பிழை இரண்டு பக்கமும் 4 புள்ளி இருக்கக்கூடும் என்றால், அந்த 24.6இன் பொருள் 'ஏறக்குறைய 21இலிருந்து 29க்குள்' என்பதுதான். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் நம்பிக்கையைக் கூட்டுகிறது, துல்லியத்தைக் கூட்டவில்லை.

செய்து பாருங்கள்

வீட்டில் மூன்று பேர் சேர்ந்து, விருப்பமுள்ள ஒரு பெரியவரின் வயிற்றுச் சுற்றளவை ஆளுக்கு மூன்று முறை அளந்து எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. அக்காவின் அளவுகள் 84.0, 84.5, 84.0 என்றும், தம்பியின் அளவுகள் 87.0, 86.5, 87.5 என்றும் வந்தால் என்ன தெரிகிறது? ஒவ்வொருவரின் அளவும் தமக்குள் ஒத்துப்போகிறது. இருவருக்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 3 செண்டிமீட்டர் இடைவெளி. நாடா ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. நடுப்புள்ளியைப் பேனாவால் குறித்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இடைவெளி குறைகிறதா?

உங்களுக்கு ஒரு வார்த்தை

மேலே சொன்ன 23, 27.5, 80, 90 எல்லாம் பெரியவர்களுக்கான எல்லைகள். அவற்றை உங்கள்மேல் போட்டுப் பார்க்காதீர்கள். 19 வயது வரைக்கும் வயதையும் பாலையும் பொறுத்து மாறும் வளர்ச்சி அட்டவணை தனியே உண்டு. பருவ வயதில் பெண்பிள்ளைகளின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கை. ஹார்மோன் சுரக்கவும் உள்ளுறுப்புகளைக் காக்கவும் கொழுப்பு தேவை. வளரும் வயதினரின் திசுக்களில் நீரின் பங்கும் பெரியவர்களைவிடச் சற்று அதிகம் என்பதால், பெரியவர்களுக்கான சூத்திரம் உங்களுக்குத் தவறான எண்ணைத் தரும். உங்கள் தராசின் கையேட்டில் எந்த வயதுக்கு மேல் அது பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

ஆகவே தராசில் கண்ட ஓர் எண்ணுக்காகக் காலை உணவை விடுவதும், நண்பரைக் கேலி செய்வதும் அறிவியல் ஆகாது. ஐயம் இருந்தால் அரசாங்க சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். அங்கே உங்கள் வயதுக்கான அட்டவணையைப் பார்த்துச் சொல்வார்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஒருவரின் உடல் அடர்த்தி 1.06. சிரி சூத்திரத்தின்படி அவரது கொழுப்பு விழுக்காடு என்ன?

2. பளுதூக்கும் வீரர் ஒருவரின் பிஎம்ஐ 29. அவர் உடல் பருமன் உள்ளவர் என்று முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.

3. பூப்பந்து விளையாடி முடித்தவுடன் மின்தடைத் தராசில் ஏறினால் கிடைக்கும் எண்ணை ஏன் நம்பக்கூடாது?

4. ஒரு கருவி எப்போதும் உண்மை அளவைவிட 3 புள்ளி குறைத்தே காட்டுகிறது. ஆறு மாத மாற்றத்தைக் கவனிக்க அக்கருவி பயன்படுமா? விளக்குக.

(முதல் கேள்விக்கு விடை: 17.0 விழுக்காடு. மற்றவற்றை வகுப்பில் விவாதியுங்கள்.)